தொட்டிய கழுவாம குளோரின் ஊத்தாதீங்க

நிபோங் திபால்ல எங்க அத்தை வீட்டு பின்னாடி ஒரு கெணறு இருக்கு, எஸ்டேட் காலத்து கெணறு, மாமா தவறுனதுக்கு அப்புறம் யாரும் அத பெருசா கண்டுக்கல. 2024 ஜனவரில சுங்கை டுவா தண்ணி சுத்திகரிப்பு நிலையத்துல வால்வு மாத்துறதுக்காக பினாங்குல நாள் கணக்குல பைப் தண்ணி நின்னுச்சு பாருங்க, அப்பதான் அந்த கெணத்து ஞாபகமே வந்து, பம்ப் போட்டு 200 கேலன் தொட்டில ஏத்துனோம்.

ஏத்தும்போது தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு, மறுநாள் காலைல பாத்தா தேத்தண்ணி கலர். சின்னவனோட வெள்ளை ஸ்கூல் சட்டைய அதுல அலசுனதும் காலர்ல மஞ்சக்கறை, அத்தை கறை போகட்டும்னு குளோராக்ஸ் (குளோரின் பிளீச்) ஊத்த அது இன்னும் செவந்து அப்படியே பிடிச்சிருச்சு. காரணம் இரும்பு. கெணத்துக்குள்ள கரைஞ்சிருக்கிற வரைக்கும் கண்ணுக்கு தெரியாது, காத்து பட்டா, குளோரின் பட்டா துருவா மாறிடும். எலுமிச்சம்பழமும் உப்பும் தேச்சு வெயில்ல காயப்போட்டுதான் அந்த கறை போச்சு.

தண்ணி சுத்தமாகட்டும்னு நான் தொட்டிலயும் குளோரின் ஊத்தினேன், அரை மணி நேரத்துல வாடையே இல்ல. ஸ்விம்மிங் பூல் சாமான் விக்கிற கடைல குளோரின் அளவு காட்டுற டெஸ்ட் ஸ்ட்ரிப் வாங்கி முக்கி பாத்தா கலரே மாறல. மூடிய தெறந்து அடில கை விட்டேன், கோப்பி மண்டி மாதிரி கொழகொழன்னு விரல் கணு முழுகுற அளவுக்கு சேறு. ஊத்துன குளோரின் எல்லாத்தையும் அந்த சேறும் இரும்பும் தின்னுருச்சு, கிருமிய கொல்ல மிச்சமே இல்ல.

அதனால மொதல்ல தொட்டிய காலி பண்ணி தேச்சு கழுவுங்க. அப்புறம் தண்ணிய நெரப்பி, வாசனை கலக்காத 5 சதவீத பிளீச் 900 மில்லி ஊத்தி, எல்லா குழாயையும் வாடை வர்ற வரைக்கும் தெறந்து மூடி, ஒரு ராத்திரி விட்டு எல்லாத்தையும் வெளியேத்திடணும், இது எங்க 200 கேலனுக்கு உள்ள கணக்கு. கழுவும்போது டாய்லெட் கழுவுற ஆசிட் எதையும் கிட்டவே கொண்டு வராதீங்க, பிளீச்சோட சேந்தா வெஷவாயு கெளம்பும்.

இப்ப கெணத்து தண்ணி நேரா தொட்டிக்கு போறதில்ல. ஷவர் தலை வழியா ஒரு பீப்பாய்ல ஒசரத்துல இருந்து கொட்டுது, காத்து பட்டு துரு அடில படிய ஒரு ராத்திரி விட்டு, மேல இருக்கிற தெளிஞ்ச தண்ணிய மட்டும் மணல் பில்டர் வழியா ஏத்துறோம். அதுக்கு அப்புறம் நெறஞ்ச தொட்டிக்கு இருமல் மருந்து மூடில அளந்து அதே 5 சதவீத பிளீச் 36 மில்லி, அரை மணி கழிச்சு ஸ்ட்ரிப்ல குளோரின் 0.5 ppm (லிட்டருக்கு 0.5 மில்லிகிராம்) காட்டணும். பழைய பிளீச் பாட்டில நம்பாதீங்க, நம்ம ஊர் சூட்டுல வீரியம் எறங்கிடும். தொட்டி மூடி இறுக்கமா இருக்கணும், ஏடிஸ் கொசுவுக்கு அந்த சின்ன இடுக்கே போதும்.

ஆனா குடிக்கிறதுக்கு நான் இன்னும் தைரியமா சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் கெணத்துல இருந்து 15 மீட்டர்கூட இருக்காது, 30 மீட்டராவது தள்ளி இருக்கணும். அதுல இருந்து நைட்ரேட், அதாவது கழிவுல இருந்து தண்ணில கரையுற ஒரு உப்பு, எறங்குனா குளோரினும் போக்காது, கொதிக்க வெச்சாலும் போகாது, கைக்கொழந்தைக்கு ரொம்ப ஆபத்து. அந்த வீட்டு அக்கா மக பிரசவத்துக்கு வந்திருக்கா, பால் மாவு இந்த கெணத்து தண்ணிலதான் கலக்கிட்டு இருந்தாங்க. அன்னைக்கே பாட்டில் தண்ணி ரெண்டு பெட்டி தூக்கிட்டு போய் குடுத்தேன். சாம்பிள் லேபுக்கு போயிருக்கு, ரிசல்ட் இன்னும் வரல.