இரண்டு விண்ணப்பங்கள்

மார்ச் 2

இரண்டு விண்ணப்பங்களும் கைக்கு வந்துவிட்டன. தனியார் பள்ளியுடையது வழவழப்பான தாளில் எட்டுப் பக்கம். அரசுப் பள்ளியுடையது ஒரே தாள், முன்னும் பின்னும். முதலாவதில் அப்பா வேலை, அம்மா வேலை, இருவரின் படிப்பு, ஆண்டு வருமானம் எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருக்கிறார்கள். பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று எழுத இரண்டே வரி. இரண்டாவதில் அதுவும் இல்லை. வீட்டு முகவரி, பிறந்த தேதி, தடுப்பூசி விவரம், கையெழுத்து, அவ்வளவுதான்.

இரண்டையும் நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.

மார்ச் 3

வீட்டுக்காரர் வேலையைப் புதுப்பிக்கும் கடிதம் வரவில்லை.

மார்ச் 5

ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு கணக்குப் போட்டேன். பகலெல்லாம் ஊரார் கணக்கைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள், சொந்தக் கணக்கை இவ்வளவு நாள் தள்ளிப்போட்டதே அதிசயம்.

தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் பெரியவளின் கட்டணம் எங்கள் இருவர் வருமானத்தில் கால்பங்கு. கேட்டவுடன் தாங்கும் போலத்தான் இருக்கிறது. அவரும் அதைத்தான் சொல்கிறார், "கால்பங்குதானே". ஆனால் கட்டணம் வருஷத்துக்கு 10 சதவீதம் ஏறுகிறது, வருமானம் 5 சதவீதம்தான் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், அவள் ஐந்தாம் வகுப்புக்குப் போகும் வருஷம் சின்னவன் ஒன்றாம் வகுப்பில் சேருவான். அந்த வருஷம் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து வருமானத்தில் 60 சதவீதம். மூன்று தரம் போட்டுப் பார்த்தேன், மாறவில்லை. பன்னிரண்டாம் வகுப்புக்குள் பெரியவளின் கட்டணம் முதல் வருஷத்தைப்போல கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும்.

இதில் சீருடை இல்லை, வண்டி இல்லை, "செயல்பாட்டுக் கட்டணம்" என்று நடுவருஷத்தில் வரும் சீட்டு இல்லை. வீட்டில் யாருக்கும் உடம்புக்கு வராது, இரண்டு வேலையும் நிலைத்திருக்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு.

முதல் வருஷம் எல்லாராலும் முடியும். ஏழாம் வகுப்புத்தான் என் கண்ணில் நிற்கிறது.

மார்ச் 6

அக்கா போன். "கடன் வாங்கியாவது நல்ல ஸ்கூல்ல போடுடி. படிப்புக்கு வாங்குறதெல்லாம் ஒரு கடனா?"

கடனேதான். வட்டிக்குப் படிப்பும் தெரியாது, மருந்தும் தெரியாது. இதை வாயைத் திறந்து சொல்லவில்லை. தன் பையன் ஏழாம் வகுப்பில் இருந்தபோது இரண்டு தவணை பாக்கி விழுந்து, மாற்றுச் சான்றிதழுக்கு நடையாய் நடந்தவள் அவள்தான். அதைப் பற்றி அவளும் பேசவில்லை. அந்த வருஷம் முழுக்க அந்தப் பையன் எங்கள் வீட்டுக்கு வந்தால் நண்பர்களைப் பற்றி வாயே திறக்கமாட்டான். யார் என்ன கேட்டாலும் "தெரியல சித்தி".

மார்ச் 9

இரண்டு பள்ளியையும் ஒரே நாளில் பார்த்தாகிவிட்டது. அரை நாள் விடுப்பு.

தனியார் பள்ளியில் வரவேற்பறை குளுகுளுவென்று இருந்தது. சுவர் முழுக்க முதலிடம் பெற்ற முகங்கள். எல்லாம் காட்டினார்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று: போன வருஷம் இருந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இப்போதும் இருக்கிறார்கள்? அந்தப் பெண் சிரித்துவிட்டு, "இதுவரைக்கும் யாரும் இதைக் கேட்டதில்ல மேடம்" என்றாள். பதில் கடைசிவரை வரவில்லை.

அரசுப் பள்ளியில் வரவேற்பறையே கிடையாது. தலைமையாசிரியர் தாழ்வாரத்தில் நின்றபடியே பேசினார். ஒன்றாம் வகுப்பு டீச்சர் அங்கே பல வருஷமாக இருக்கிறாராம், பிள்ளைகள் பேரைக் கூப்பிடும் விதத்திலேயே தெரிந்தது. கழிப்பறையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். தலைமையாசிரியர் கொஞ்சம் தயங்கி, பிறகு தானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். தண்ணீர் வருகிறது, ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. நூலகம் பூட்டியிருந்தது. மூன்றாம் வகுப்புக்கு ஆசிரியர் இல்லை, நான்காம் வகுப்போடு சேர்த்து உட்காரவைத்திருக்கிறார்கள். மறைக்காமல் சொன்னார். மறைக்காமல் சொன்னதாலேயே அது சின்ன விஷயம் ஆகிவிடாது. பெரியவள் மூன்றாம் வகுப்புக்குப் போக இரண்டே வருஷம்.

மார்ச் 10

தாழ்ப்பாள்.

மார்ச் 12

தூக்கம் வரவில்லை, படித்துக்கொண்டிருந்தேன். 15 வயதுப் பிள்ளைகளுக்குப் பல நாடுகளில் 2000-ஆம் ஆண்டிலிருந்து நடக்கும் பீசா தேர்வு. தனியார் பள்ளிப் பிள்ளைகள் மொத்தமாகப் பார்த்தால் கூடுதல் மதிப்பெண்தான். ஆனால் குடும்ப வசதியைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி காணாமல் போகிறதாம். பள்ளி கொடுத்தது என்று நாம் நினைப்பதில் நிறைய, பிள்ளை வீட்டிலிருந்தே கொண்டுபோனது. நிம்மதியாக இருந்தது. அதோடு விளக்கை அணைத்திருக்கலாம்.

அடுத்துக் கண்ணில் பட்டது, அமெரிக்காவில் 1966-இல் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் வந்த அறிக்கை. கட்டடம், ஆய்வகம் இவற்றைவிடக் குடும்பப் பின்னணிதான் பெரிது என்று அவரும் சொல்கிறார். கூடவே இன்னொன்று, பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகள் எந்த வீட்டிலிருந்து வருகிறார்கள் என்பதும் பெரிது. அப்படியானால் அந்த வரவேற்பறையில் விற்பது பாடத்தை இல்லை, பக்கத்து இருக்கையை. அதைத்தான் எட்டுப் பக்கப் படிவத்தில் எங்கள் வருமானத்தைக் கேட்டு எடை போடுகிறார்கள்.

இதையே திருப்பிப் போட்டால், எங்களைப் போன்றவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போகப் போக அந்தத் தாழ்வாரத்துப் பள்ளியில் மிச்சமிருப்பவர்களுக்கு என்ன ஆகும்? மணி இரண்டு. ஊரைத் திருத்த என் பெண்ணை அனுப்ப முடியாது. அந்த நினைப்பும் முள்ளாகத்தான் குத்துகிறது.

மார்ச் 13

அந்த ஆய்வுகளில் இருக்கும் லட்சக்கணக்கான பிள்ளைகளில் ஒருத்திகூட இவள் இல்லை.

மார்ச் 16

அவளிடம் கேட்டோம். எந்த ஸ்கூல் பிடிச்சிருக்கு? "அந்த டீச்சர் இருக்கிற ஸ்கூல்." எந்த டீச்சர்? பெயர் தெரியாதாம். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "பஸ்ல போற ஸ்கூல்" என்றாள். சாயங்காலம், "வீட்லயே இருக்கேன்."

மார்ச் 18

மாமா வந்திருந்தார். முதல் வருஷக் கட்டணத்தைத் தான் கட்டுவதாகச் சொன்னார். உண்மையாகவே சொல்கிறார், தன் சேமிப்பிலிருந்து எடுத்து. நான் "யோசிச்சுச் சொல்றோம் மாமா" என்றதும் முகம் வாடிவிட்டது. பேத்திக்குச் செய்வதற்கு என்ன யோசனை என்று நினைத்திருப்பார்.

கை கொடுக்க வருகிற எல்லாரும் முதல் வருஷத்துக்கே வருகிறார்கள்.

மார்ச் 19

சலுகை உண்டு என்று கேள்விப்பட்டு விசாரித்தேன். உண்டு, பாதிக் கட்டணம். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், மதிப்பெண் குறையக் கூடாது. ஆறு வயதுப் பிள்ளை தன் கட்டணத்தைத் தானே காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று இதற்கு அர்த்தம். சின்னவனுக்கும் கிடைக்குமா என்றால், "அப்போ பாக்கலாம் மேடம்".

மார்ச் 22

கடிதம் வந்துவிட்டது. ஆறு மாதத்துக்குத்தான்.

மார்ச் 23

பெரிய சண்டை. அவர், "ஆறு மாசம் கழிச்சு திருப்பியும் புதுப்பிப்பாங்க, எப்பவும் இதுதானே நடக்குது." நான் அந்த 60 சதவீதத் தாளை எடுத்து நீட்டினேன். நீட்டிய விதம் சரியில்லை, அலுவலகத்தில் பாக்கிக்காரரிடம் நீட்டுவதுபோல. அவர் வாங்கிப் பார்க்கவே இல்லை. "என் பிள்ளைக்கு நான் படிச்ச மாதிரி வேணாம்னு நினைக்கிறது தப்பா?"

இல்லை. தப்பே இல்லை. இதற்கு என்னிடம் கணக்கு இல்லை.

மார்ச் 24

1948-இல் ஐ.நா. வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனம், 26-ஆவது பிரிவு. தொடக்கக் கல்வி இலவசமாக இருக்க வேண்டும் என்பது முதல் உட்பிரிவில். பிள்ளைக்கு எந்த வகைக் கல்வி என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கே முதலில் என்பது மூன்றாவதில். ஒரே பிரிவுக்குள் என் இரண்டு விண்ணப்பமும் இருக்கின்றன! தேர்ந்தெடுப்பதற்கு யார் பணம் கட்டுவது என்று மட்டும் எழுதவில்லை.

மார்ச் 25

தனியார் பள்ளியிலிருந்து போன். நாளை மறுநாள் கடைசி நாளாம். முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது.

மார்ச் 26

அவர் அந்தத் தாளைப் பார்த்திருக்கிறார். ஓரத்தில் பென்சிலால் தன் கணக்கைப் போட்டிருக்கிறார். கட்டண உயர்வை 8 சதவீதமாகக் குறைத்துப் பார்த்திருக்கிறார், அவர் சம்பளம் இல்லாமல் ஒரு தரமும் போட்டிருக்கிறார். அந்த வரிக்குக் கீழே கோடு மட்டும் இருக்கிறது, விடை எழுதவில்லை.

மார்ச் 27

கட்டவில்லை. ஐந்து மணிவரை இரண்டு பேரும் போனை எடுக்கவில்லை.

மார்ச் 30

அரசுப் பள்ளியில் சேர்த்தாகிவிட்டது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

கட்டணம் மிச்சம் என்று நினைக்கக் கூடாது. அதில் ஒரு பங்கு மாதா மாதம் தனிக் கணக்குக்குப் போக வேண்டும், மேல்படிப்புக்கு. இன்னொரு பங்கு கதைப் புத்தகங்களுக்கு, நூலகம் திறக்கும்வரைக்குமாவது. மிச்சத்தைப் பணமாக இல்லாமல் நேரமாகக் கட்டவேண்டியிருக்கும். சாயங்காலம் ஒரு மணி நேரம் அவளோடு உட்காருவது அவர் பொறுப்பு என்று அவரே சொன்னார். எழுதி வைத்துக்கொள்கிறேன்.

மாமாவிடம் அவரைத்தான் சொல்லச் சொன்னேன். அவர் பேசிக்கொண்டிருந்தபோது நான் துணி மடிக்கப் போய்விட்டேன்.

ஏப்ரல் 1

அக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "ஆறாவதுல பாத்துக்கலாம், அப்போ வேணும்னா மாத்திக்கோ." மாற்றலாம். வசதி வந்தபின் உள்ளே போவது ஒன்று, பணமில்லாமல் வெளியே வருவது வேறு. இதை அவளிடம் சொல்லவேண்டிய அவசியமே இல்லை.

ஏப்ரல் 2

பக்கத்து வீட்டம்மா: "ஏன், அங்க இடம் கிடைக்கலையா?" ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். எரிச்சல், அவர் மேல் இல்லை.

ஏப்ரல் 4

பெற்றோர் குழுவுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். மூன்றாம் வகுப்பு இடம் இன்னும் காலிதான். மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகத் தலைமையாசிரியர் சொன்னார். எப்போது, யாருக்கு என்று கேட்டேன். நகல் இருக்கிறதாம், திங்கள்கிழமை காட்டுகிறாராம். வீட்டுக்காரரும் வருகிறேன் என்கிறார், விடுப்பு கிடைத்தால். தாழ்ப்பாளையும் கேட்க வேண்டும்