பன்னிரண்டு பேரோடு நின்ற வக்கீல்

நேசமணி பேரைத் தெரியாதவர் எங்கள் குமரி மாவட்டத்தில் கிடையாது. மார்த்தாண்டத்தில் அவர் பேரில் கல்லூரி, நாகர்கோவிலில் மணிமண்டபம். ஒரு காலத்தில் இங்கே ஓடிய அரசு பஸ்ஸுக்கே நேசமணி போக்குவரத்துக் கழகம் என்றுதான் பேர். குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த நவம்பர் 1 வந்தால் கட்சி பேதமில்லாமல் மாலை போடுகிறார்கள். எல்லாம் சரி. ஆனால் ‘குமரித் தந்தை’ என்ற ஒரு பட்டத்தோடு அவரை முடித்துவிடுவதில் எனக்கு வருத்தம் உண்டு. குழித்துறை கோர்ட்டில் தொழில் செய்கிற எனக்கு அவர் முதலில் வக்கீல். அப்புறம், எதிர்க்கட்சி எப்படி நடக்க வேண்டும் என்று காட்டியவர்.

1895-ல் பள்ளியாடியில் பிறந்து, சட்டம் படித்து, நாகர்கோவிலில் வக்காலத்து போட வந்தார். அப்போது அந்தக் கோர்ட்டில் மேல்சாதி வக்கீலுக்கு நாற்காலி, மற்றவர்களுக்கு முக்காலி. தண்ணீர்ப் பானையும் தனித்தனி. நேசமணி முக்காலியை வெளியே தள்ளினார், பானையை உடைத்தார் என்று சொல்வார்கள். எங்கள் சீனியர், புதிதாக யார் ஜூனியராகச் சேர்ந்தாலும் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். “நீ இப்ப உட்காருத நாற்காலி சும்மா வந்ததில்ல மக்களே” என்பார். பார் ரூமில் உட்காரும்போதெல்லாம் எனக்கு அது நினைவில் வரும்.

1947-ல் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்ற தனிக் கட்சிக்கு வந்தார். திருவிதாங்கூரில் இருந்த தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும், அது ஒன்றுதான் கோரிக்கை. 1952 தேர்தலில் அவர் நாகர்கோவிலில் ஜெயித்து எம்.பி. ஆகி டெல்லிக்குப் போனார். அப்போது நாம் இருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் சட்டசபையில் கட்சிக்குக் கிடைத்தது 8 இடம். சபையில் மொத்தம் 108 பேர். எட்டுப் பேரை வைத்து என்ன செய்ய முடியும் என்று தோன்றும். ஆனால் ஏ.ஜே. ஜானின் காங்கிரஸ் மந்திரிசபைக்குப் பெரும்பான்மை இல்லை. இந்த எட்டுப் பேர் தயவில்தான் அது நின்றது. 1953-ல் ஆதரவை விலக்கினார்கள், மந்திரிசபை விழுந்தது.

1954 தேர்தலில் கட்சிக்கு 117 இடத்தில் 12. வெறும் 19 பேரை வைத்திருந்த பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை, காங்கிரஸ் ஆதரவில் முதலமைச்சரானார். அந்த ஜூலையில் தேவிகுளம் பக்கத்துத் தமிழ்த் தோட்டத் தொழிலாளிகளுக்காகத் தடையை மீறி மூணாறுக்குப் போய் நேசமணி கைதானார். ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராடியவர்களைப் போலீஸ் சுட்டது. எங்கள் பாட்டா புதுக்கடைக்காரர். அந்த நாளைப் பற்றிக் கேட்டால், “ஓடினோம்” என்று ஒரு வார்த்தை சொல்வார், அதற்கு மேல் வாயே திறக்கமாட்டார். செத்தவர்களில் அவருக்குத் தெரிந்தவர்களும் உண்டு என்று பாட்டிதான் சொன்னாள்.

அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்காக முதலமைச்சர் பதவி விலக வேண்டும் என்று அவருடைய கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியாவே கேட்டார். தாணுப்பிள்ளை விலகவில்லை. 1955 பிப்ரவரியில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில்தான் போனார். தீர்மானத்தைக் கொண்டுவந்தது நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். நம்மைச் சுட்ட சர்க்காரை அதன் சபையிலேயே, அதன் விதிப்படியே இறக்கியதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

பத்திரிகையையும் சொல்ல வேண்டும். நாகர்கோவில் வடிவீஸ்வரத்துக்காரரான டி.வி. ராமசுப்பையர் 1951-ல் தினமலரைத் தொடங்கியது திருவனந்தபுரத்தில். மலையாளத் தலைநகரில் உட்கார்ந்து இந்த ஊர்ச் செய்தியைத் தமிழில் அச்சடித்தார். அது இல்லாமல் போராட்டச் செய்தி கிராமத்து டீக்கடை வரை வந்திருக்காது.

கேட்டது ஒன்பது தாலுகா. 1956 நவம்பர் 1-ல் வந்தது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, அப்புறம் செங்கோட்டையில் ஒரு பகுதி. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போனது போனதுதான். நேசமணி பிறகு காங்கிரசில் 1962-லும் 1967-லும் எம்.பி. ஆனார். 1968-ல் பதவியில் இருக்கும்போதே இறந்தார். காலியான நாகர்கோவிலில்தான் 1969-ல் காமராஜர் நின்று ஜெயித்தார்.

எனக்கு ஓர் ஆசை உண்டு. 1952 முதல் 1956 வரை அந்தச் சட்டசபையில் நம் உறுப்பினர்கள் பேசியதைத் தமிழில் தொகுத்து, மாவட்டத்தின் எல்லா பார் அசோசியேஷன் நூலகத்திலும் வைக்க வேண்டும். யாராவது இந்த வேலையில் இறங்கினால் சொல்லுங்கள், கோர்ட் முடிந்த சாயங்காலங்களில் நானும் வந்து உட்காருகிறேன்.