தாயத்தில் ஒரு துண்டு

என் மகளுக்கு எட்டாம் நாள் கொடி காய்ந்து விழுந்தது. அம்மா அதைப் பஞ்சில் பொதிந்து ஊருக்கு எடுத்துப்போய், வெள்ளித் தாயத்துக்குள் அடைத்துக் கொண்டுவந்தார். அதே தொப்புள்கொடியின் மற்றொரு துண்டு, அவள் பிறந்த அன்றே ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தது.

அது 2010. சிங்கப்பூரில் ‘கஸ்டோ’ என்ற தாய்-சேய் ஆய்வுக்குக் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் கர்ப்பிணிகளைச் சேர்த்தார்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று 1,200 பேருக்கு மேல். பிள்ளையைக் கருவிலிருந்தே ஆண்டுக்கணக்கில் தொடர்வார்கள் என்றதும் கையெழுத்துப் போட்டேன்.

ஏழாம் மாதம் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். அப்புறம் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர், குமட்டிக்கொண்டு வந்தது. இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ஊசி. நான் ஒல்லி, வீட்டில் யாருக்கும் சர்க்கரை கிடையாது. ஆபத்து அதிகம் என்று தோன்றியவர்களுக்கு மட்டுமே அந்தச் சோதனை செய்துவந்த காலம் அது. ஆய்வில் சேர்ந்ததால்தான் எனக்கும் செய்தார்கள். சர்க்கரை இருந்தது! ஆய்வில் சோதித்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இருந்ததாம். “ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்” என்று சோறு போட்ட மாமியாருக்கு, தட்டில் அளவு குறைந்ததில் மிகவும் வருத்தம்.

இந்த ஆய்விலிருந்து 2014-இல் வந்த ஒரு கட்டுரையை இன்றும் அடிக்கடி நினைப்பேன். 237 பிள்ளைகளின் தொப்புள்கொடியில், மரபணுக்களின் மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற சிறு வேதிக் குறிகளைப் பார்த்தார்கள். எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யும் என்பதில் இந்தக் குறிகளுக்குப் பங்குண்டு. பிள்ளைக்குப் பிள்ளை குறி மாறுபட்ட 1,423 இடங்களில், கால்வாசிக்கு மரபணு வேறுபாடே போதுமான விளக்கம். மீதி முக்கால்வாசிக்கு மரபணுவையும் கருப்பைச் சூழலையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளக்கம் பொருந்தியது. தாயின் எடை, மனச்சோர்வு, புகைப்பழக்கம் எல்லாம் அந்தச் சூழலில் அடக்கம். “எல்லாம் பரம்பரை” என்று யாராவது சொன்னால் நான் விடாமல் எடுத்துச் சொல்வது இதைத்தான்.

போன மாதம் மகள் கேட்டாள்: “நான் சரின்னு சொல்லவே இல்லையேம்மா?”

நியாயமான கேள்வி. அவளுக்காக நான் சொன்ன ‘சரி’ அது. பழைய படிவங்களை எடுத்து அவள் முன் வைத்தேன். வேண்டாம் என்றால் இப்போதே நிறுத்திவிடலாம் என்றும் சொன்னேன். இரண்டு நாள் படித்தாள். பீரோவிலிருந்து தாயத்தை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தாள்.

அடுத்த பரிசோதனைக்கு அவளே நாள் குறித்திருக்கிறாள், பள்ளித் தேர்வு முடிந்த மறுநாள்.