அப்பத்தாவுக்குக் கட்டம் இல்லை

8 அக்டோபர் 2024, செவ்வாய்

என் ஆய்வுக்கான மொழிபெயர்ப்பு ஒருவழியாக முடிந்தது. பிள்ளையின் நாள்பட்ட நோயைக் குடும்பம் எப்படிச் சமாளிக்கிறது என்று அளக்க, கேத்லீன் நாஃபல் குழுவினர் 2011இல் வெளியிட்ட அளவுகோல். 53 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை வட்டமிட வேண்டும்; ஐந்து என்றால் முழுச் சம்மதம். பிள்ளையின் அன்றாட வாழ்க்கை அதே வயதுப் பிள்ளைகளுடையதைப் போன்றதுதான் என்று ஒரு வாக்கியம். அதில் மட்டும் மூன்று நாள் போயிற்று. நான் ‘இயல்பான வாழ்க்கை’ என்று எழுதிக் கொடுக்க, சரிபார்க்கத் திரும்ப ஆங்கிலமாக்கிய தோழி அதை ‘இயற்கை வாழ்க்கை’ ஆக்கிவிட்டாள், ஏதோ சிறுதானியக் கடை போல. சரி, ‘மற்ற பிள்ளைகளைப் போல’ என்றே இருக்கட்டும்.

15 அக்டோபர், செவ்வாய்

ஓ.பி.யில் முதல் அம்மா. மகளுக்குப் பத்து வயது, டைப் 1 சர்க்கரை நோய். ‘மற்ற பிள்ளைகளைப் போல’ என்ற இடத்தில் யோசிக்காமல் 5. நோயைப் பார்த்துக்கொள்வதில் சிரமம் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் குறைந்த எண்கள். கடைசி எட்டு வாக்கியங்கள் கணவன், மனைவி ஒத்துப்போவது பற்றியவை. படித்ததும் சிரித்துவிட்டார். “அவர் சார்ஜாவுல இருக்கார் சிஸ்டர். போன்ல பேசுறதே பத்து நிமிஷம், இதுல எங்க சண்டை போட?”

எழுந்தவரிடம், இன்சுலின் ஊசி யார் போடுவது என்று சும்மா கேட்டேன்.

“எங்க அத்தைதான், அவளோட அப்பத்தா.”

16 அக்டோபர், புதன்

தூக்கம் வரவில்லை. 1996இல் இதே நாஃபல் குழு குடும்பங்களை, தழைப்பவை முதல் தத்தளிப்பவை வரை, ஐந்து பாணிகளாகப் பிரித்தது. நேற்றைய தாளைப் பார்த்தால் இது தழைக்கும் குடும்பம். ஆனால் பாரத்தைச் சுமப்பவரிடம் தாளே போகவில்லையே! கைடு மேடம், “கேள்வியை இஷ்டத்துக்குச் சேர்க்க முடியாதும்மா, குறிப்பா எழுதி வை” என்றார். நியாயம்தான். எரிச்சலும் வந்தது.

26 அக்டோபர், சனி

மேலூர்ப் பக்கம் அவர்கள் வீடு. ஃபிரிட்ஜ் கிடையாது. மண்பானைக்குள் ஈர மணல், நடுவே டப்பாவில் இன்சுலின். அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது. சிவப்பு மூடி சிரிஞ்சும் கோடுகளும் தெரியும். கடையில் ஆரஞ்சு மூடி கொடுத்துவிட, “இது வேற” என்று அன்றைக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார். ஆரஞ்சு மூடி, ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கானது. இவர்களிடம் இருப்பது மில்லிக்கு 40 யூனிட் குப்பி. அதில் பத்து என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது நாலே யூனிட்.

பள்ளிக்கூடத்தில் சொல்லவில்லையாம். “நாளைக்குக் கட்டிக்கொடுக்கணும்ல.” நோயை ஒப்புக்கொண்டு, மற்றபடி வாழ்க்கை வழக்கம்போல நடக்கிறது என்று இருப்பதைப் பற்றி நாஃபலும் சக ஆய்வாளர் டீட்ரிக்கும் 1986இல் எழுதினார்கள். இது வேறு, மறைப்பது. வகுப்பில் சர்க்கரை இறங்கி மயங்கினால் டீச்சர் என்ன செய்வார்? வகுப்பு டீச்சருக்கு மட்டுமாவது சொல்லுங்கள் என்று கெஞ்சாத குறை. பார்க்கலாம் என்றார்கள்.

5 நவம்பர், செவ்வாய்

தீபாவளிக்குப் பிறகு இன்று அப்பத்தாவே அழைத்து வந்தார். கணக்கில் சேராது என்று தெரிந்தும் கேள்விகளை வாசித்தேன். “மற்ற பிள்ளைகளைப் போல…” என்று தொடங்கியதுமே நிறுத்தினார்.

“மத்த பிள்ளைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு, கழுத்து வேர்த்திருக்கான்னு தொட்டுப் பாக்குறாகளா தாயி? எத்தனைன்னு நீயே போட்டுக்க.”

நான் எதையும் வட்டமிடவில்லை.