மிலான் கண்காட்சி முடிந்ததும் சரயேவோ: ஒரே விசாவில் பழைய யூகோஸ்லாவியா

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிலில் இருப்பவர்கள் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் மிலானில் நடக்கும் லினியாபெல்லே கண்காட்சிக்குப் போய்வருவது வழக்கம். வேலை முடிந்ததும் வெனிஸ், சுவிட்சர்லாந்து என்று ஒரு சுற்று, பிறகு வீடு. அதே விசாவை வைத்துக்கொண்டு அட்ரியாட்டிக் கடலின் எதிர்க்கரைக்கும் போகலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. 1991-இல் யூகோஸ்லாவியா உடையத் தொடங்கியதிலிருந்து பத்து வருடம் போரில் கிடந்த பூமி அது. இன்று குரோஷியா, போஸ்னியா, மாண்டினீக்ரோ, செர்பியா நான்கையும் பஸ்ஸிலேயே பார்த்துவிடலாம். ஆனால் அங்கே முதலில் யோசிக்க வேண்டியது எந்த ஊரைப் பார்ப்பது என்பதல்ல, எந்த எல்லையை எதற்குப் பிறகு கடப்பது என்பதுதான். அதில் தவறினால் நல்ல ஓட்டலும் நல்ல வழிகாட்டியும் உதவ மாட்டார்கள்.

ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஏற்பாடுதான் ஷெங்கன். இத்தாலி அதில் இருக்கிறது, குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று சேர்ந்தது. அன்றே யூரோவுக்கும் மாறியது. மற்ற மூன்றும் ஷெங்கனுக்கு வெளியே. இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் ஷெங்கன் விசா இருந்தால் தனி விசா கேட்பதில்லை: போஸ்னியாவில் 30 நாள் வரை, மாண்டினீக்ரோவில் 30 நாள் வரை, செர்பியாவில் 180 நாளுக்குள் 90 நாள் வரை. இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். போஸ்னியாவுக்குப் பலமுறை நுழையும் விசா வேண்டும். ஸ்டிக்கரில் நுழைவு எண்ணிக்கைக் கட்டத்தில் ‘மல்ட்’ என்று இருக்க வேண்டும், ஒன்று என்று இருந்தால் போஸ்னியாவை மறந்துவிடுங்கள். அடுத்தது, விசாவின் கடைசித் தேதிக்குள் இந்த நாடுகளையும் முடித்துவிட வேண்டும். கண்காட்சித் தேதியை மட்டும் ஒட்டி இருபது நாள் விசா கொடுத்திருந்தால், அந்த இருபது நாளுக்குள்தான் எல்லாமே.

‘மல்ட்’ கிடைக்க விண்ணப்பத்திலேயே காரணம் காட்ட வேண்டும். பயணத் திட்டத்தில் போஸ்னியா, செர்பியா நாட்களைத் தேதியோடு எழுதி, அங்குள்ள ஓட்டல் பதிவையும் வைத்து, கவர் லெட்டரில் ஷெங்கனை விட்டு வெளியேறும் விவரத்தை ஒரு வரியில் சொல்லுங்கள். ஷெங்கன் நாடுகளில் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இத்தாலியில் நான்கு நாள், குரோஷியாவில் ஆறு நாள் என்று எழுதிவிட்டு இத்தாலி விசா கேட்டால் நிராகரிக்கக் காரணத்தை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. வேலை விஷயமாகப் போகிறவர்கள் இத்தாலி நாட்களையே அதிகமாக வைத்துக்கொள்வது நல்லது. போஸ்னியாவிலும் செர்பியாவிலும் இருக்கும் நாட்கள் இந்தக் கணக்கில் வராது. விதிகள் மாறக்கூடியவை என்பதால், கிளம்பும் வாரத்தில் அந்தந்த நாட்டு வெளியுறவு அமைச்சகத் தளத்தில் ஒருமுறை பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். எல்லை அதிகாரியைவிட விமான நிலையக் கவுன்டரில் இருப்பவருக்குத்தான் அந்தத் தாள் அதிகம் தேவைப்படும்.

ஒருமுறை நுழையும் விசாவோடு போகிறவர்கள் சிக்கும் இடம் குரோஷியக் கடற்கரை நகரமான துப்ரோவ்னிக். அங்கே தெருவுக்குத் தெரு ‘மோஸ்டார் ஒருநாள் சுற்றுலா’ என்று பலகை இருக்கும். மோஸ்டார் இருப்பது போஸ்னியாவில். பஸ் எல்லையைத் தாண்டினால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. மாலையில் திரும்பி நுழைய முடியாது, பெட்டியோ துப்ரோவ்னிக் ஓட்டலில் இருக்கும். இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. துப்ரோவ்னிக் நகரம் குரோஷியாவின் மற்ற பகுதியோடு நிலவழியில் ஒட்டவில்லை. நெயூம் என்ற ஊரில் போஸ்னியா ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் அகலத்துக்குக் கடலைத் தொடுகிறது. 2022 ஜூலையில் பெல்யேஷட்ஸ் பாலம் திறந்தபிறகு அந்தத் துண்டைத் தொடாமலே போகலாம். ஆனாலும் வடக்கே குரோஷியாவின் இன்னொரு துறைமுகமான ஸ்ப்ளிட்டில் டிக்கெட் எடுக்கும்போது பஸ் பாலம் வழியாகப் போகிறதா, நெயூம் வழியாகவா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

கொசோவோ பற்றி ஒரு வார்த்தை. அதைத் தனி நாடாகச் செர்பியா ஏற்கவில்லை, இந்தியாவும் ஏற்கவில்லை. அல்பேனியா பக்கமிருந்து கொசோவோவுக்குள் போய், அங்கிருந்து நேரே செர்பியாவுக்குள் நுழையப் பார்த்தால் சட்டவிரோதமாக நுழைந்ததாகச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். முதல் பயணத்தில் அதைச் சேர்க்காதீர்கள்.

சரியான வரிசை எது? மேற்கிலிருந்து கிழக்கே ஒரே திசையில் போய், ஷெங்கனுக்குத் திரும்பாமல் அங்கிருந்தே ஊருக்கு விமானம் ஏறுவது. மிலானிலிருந்து ரயிலில் இத்தாலியத் துறைமுகமான அன்கோனா. மாலையில் கப்பல் ஏறினால் காலையில் ஸ்ப்ளிட். அங்கிருந்து பஸ்ஸில் துப்ரோவ்னிக், பிறகு மோஸ்டார், ரயிலில் போஸ்னியத் தலைநகர் சரயேவோ, கடைசியாகச் செர்பியத் தலைநகர் பெல்கிரேட். பெல்கிரேடிலிருந்து தோஹா அல்லது துபாய் வழியாகச் சென்னை. போக ஓர் ஊர், வர ஓர் ஊர் என்று ஒரே டிக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம். திரும்பும்போது ஐரோப்பிய நகரம் வழியாக வரும் மலிவு டிக்கெட்டில் மயங்க வேண்டாம். மறுபடி விசாக் கேள்வி எழும். பத்து நாள் இருந்தால் அவசரமில்லாமல் போகலாம். ஏழு நாள்தான் என்றால் நான் துப்ரோவ்னிக்கை விட்டுவிட்டு ஸ்ப்ளிட்டிலிருந்து நேரே மோஸ்டார் போகச் சொல்வேன், பஸ்ஸில் நான்கு மணி நேரம்.

துப்ரோவ்னிக் அழகான ஊர்தான், ஆனால் கூட்டமும் விலையும் கொஞ்சநஞ்சமல்ல. 1,940 மீட்டர் மதில்சுவரில் நடக்கக் கோடையில் 35 யூரோவுக்கு மேல் வாங்குகிறார்கள். மேலே நின்று கூரைகளைப் பாருங்கள். வெளிறிய பழுப்பு ஓடுகள் பழையவை. பளிச்சென்ற செம்மஞ்சள் ஓடுகள் 1991 அக்டோபர் தொடங்கிய முற்றுகையில் குண்டு விழுந்து மாற்றியவை. எது எவ்வளவு என்று கண்ணாலேயே எண்ணிவிடலாம். மாண்டினீக்ரோவின் கோட்டோர் வளைகுடா இங்கிருந்து பக்கம். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் தெபெலி ப்ரியெக் எல்லையில் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும். போவதானால் கோட்டோரில் ஓரிரவு தங்கி, போஸ்னியாவின் டிரெபிஞ்யே வழியாக மோஸ்டாருக்கு ஏறிவிடுங்கள். துப்ரோவ்னிக்குக்குத் திரும்பினால் இரண்டு முறை வரிசை. 2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லைகளில் கைரேகையும் முகப்படமும் பதிய ஆரம்பித்திருப்பதால் வரிசை இன்னும் மெதுவாகத்தான் நகரும்.

பஸ்ஸில் எல்லை கடக்கும்போது பெரும்பாலும் ஓட்டுநரோ நடத்துநரோ பாஸ்போர்ட்டுகளை மொத்தமாக வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தருவார். கைக்கு வந்ததும் போஸ்னிய நுழைவு முத்திரை விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். இல்லையென்றால் பஸ் நகர்வதற்குள் கேளுங்கள். வெளியேறும்போது எங்கே நுழைந்தீர்கள் என்ற கேள்விக்கு அதுதான் பதில். அடியில் வைக்கும் பெட்டிக்குத் தனிக்காசு, பெட்டிக்கு ஒன்றிரண்டு யூரோ அல்லது போஸ்னியப் பணமான மார்க், சில்லறையாக. நெட்டில் எடுத்த டிக்கெட்டையும் அச்செடுத்து வையுங்கள், சில ஓட்டுநர்கள் போன் திரையை ஏற்க மாட்டார்கள்.

மோஸ்டாரின் பழைய பாலத்தை 1566-இல் கட்டி முடித்தவர் மிமார் ஹைருத்தீன். 1993 நவம்பர் 9 அன்று பீரங்கியால் தகர்த்தார்கள். அதே வகை உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லை வெட்டி, கல்லோடு கல்லை இரும்புப் பட்டையால் இணைத்து, இடுக்கில் ஈயத்தை உருக்கி ஊற்றும் பழைய முறையிலேயே மறுபடி கட்டி 2004 ஜூலை 23-இல் திறந்தார்கள். நடைபாதை செங்குத்தாக ஏறி இறங்கும். மிதிபட்டு மிதிபட்டுக் கல் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. குறுக்கே ஓடும் கல் விளிம்புகள்தான் காலுக்குப் பிடிமானம். லெதர் சோல் போட்ட ஷூவில் அதில் இறங்கினால் வழுக்காமல் இருக்காது. தொழிலில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கண்காட்சிக்குப் போட்ட ஷூவைப் பெட்டியில் வைத்துவிட்டு, பள்ளம் வெட்டிய ரப்பர் சோலை மாட்டிக்கொள்ளுங்கள். துப்ரோவ்னிக் தெருக்கல்லும் மழை பெய்தால் இப்படித்தான். பாலத்தைப் பார்த்ததோடு திரும்பாமல் புலிவார் சாலைக்கு நடந்து போங்கள். போர்முனை அந்தச் சாலையில்தான் இருந்தது. குண்டு துளைத்த சுவருக்கு அடுத்த வீட்டில் துணி காய்கிறது. இடிந்த கட்டடங்களுக்குள் மட்டும் கால் வைக்கக் கூடாது, படம் எடுக்க ஒரு நிமிடம் என்றாலும்.

கண்ணிவெடி பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். போஸ்னியாவில் இன்னும் எல்லாவற்றையும் அகற்றி முடிக்கவில்லை. நகரங்கள், நெடுஞ்சாலைகள், சுற்றுலா இடங்கள் பயமில்லாதவை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை உள்ள இடம், ஆளில்லாத வயல், காட்டுக்குள் பிரியும் ஒற்றையடிப் பாதை, இவற்றில் போகாதீர்கள். வெள்ளம் வந்தால் வெடிகள் இடம் மாறும் என்பதால் பலகை இல்லாததை மட்டும் நம்பக் கூடாது. மலைவழியில் காரை நிறுத்தி ஒதுங்கும்போதும் தார்ச்சாலையை விட்டு இறங்க வேண்டாம்.

மோஸ்டார்–சரயேவோ ரயில் இரண்டு மணி நேரம், நேரெத்வா ஆற்றை ஒட்டியே ஏறும். நாளைக்கு இரண்டே வண்டிகள் என்பதால் நேரத்தை முதல்நாளே ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரயேவோவுக்கு மூன்று இரவு கொடுங்கள். 1992 ஏப்ரலிலிருந்து 1996 பிப்ரவரி வரை 1,425 நாள் முற்றுகையில் இருந்த நகரம். கொல்லப்பட்ட 11,541 பேருக்காக 2012-இல் பிரதான சாலை நெடுக 11,541 சிவப்பு நாற்காலிகளைக் காலியாகப் போட்டார்கள். நடைபாதையில் குண்டு விழுந்த தடங்களில் சிவப்புப் பிசின் ஊற்றியிருக்கும். பார்த்து, சுற்றி நடங்கள். முதல்நாள் பாஷ்சார்ஷியா கடைத்தெரு, காஜி ஹுஸ்ரெவ் பேக் பள்ளிவாசல், முதல் உலகப் போருக்குக் காரணமான 1914 கொலை நடந்த லத்தீன் பாலம், வியெச்னிட்சா. இந்தக் கடைசிக் கட்டடம் 1992 ஆகஸ்டில் தேசிய நூலகமாக இருந்தபோது புத்தகங்களோடு எரிந்தது, 2014-இல் திரும்பத் திறந்தது. இரண்டாம்நாள் விமான நிலைய ஓடுதளத்துக்கு அடியில் 1993-இல் தோண்டிய சுரங்கம். ஏறக்குறைய 800 மீட்டரில் சிறு துண்டுதான் இப்போது நடக்கக் கிடைக்கும், உயரமானவர்கள் குனிய வேண்டும். டிராம் 3-இல் இலிஜா வரை போய், அங்கிருந்து டாக்சி. பிள்ளைகளோடு போகிறவர்கள் போர்க்காலக் குழந்தைப்பருவ அருங்காட்சியகத்தை விடக் கூடாது. ஒரு பொம்மை, ஒரு சட்டை, பக்கத்தில் அதற்குச் சொந்தக்காரர் எழுதிய சில வரிகள். அவ்வளவுதான் காட்சி, ஆனால் அரைமணியில் வெளியே வர முடியாது.

ஸ்ரெப்ரெனிட்சாவுக்குப் போவதானால் ஒரு முழுநாள் வேண்டும், காரில் மூன்று மணி நேரம். 1995 ஜூலையில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றார்கள். அது இனப்படுகொலை என்று ஹேக் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன. பொட்டோச்சாரி நினைவிடத்தில் வெள்ளைக் கல்லறைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பல கல்லறைகளில் ஒரே குடும்பப் பெயர். மூடிய உடை, தாழ்ந்த குரல், செல்ஃபி கூடாது. அங்கே வரும் வயதான பெண்கள் பலர் தாய்மார்கள். அவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

பேச்சைப் பற்றி. 1751 ஆற்காடு முற்றுகை, 1760 வந்தவாசிப் போர், 1806 வேலூர்க் கோட்டை, இவை நமக்குப் பாடப்புத்தக வருடங்கள். ஆற்காட்டின் டெல்லி கேட்டை பஸ்ஸில் கடக்கும்போது யாரும் தலையைத் திருப்புவதில்லை. சரயேவோவில் உங்களுக்குக் காபி ஊற்றுகிற நாற்பத்தைந்து வயதுக்காரர் முற்றுகைக்குள் பள்ளிக்கூடம் போனவர். ‘நீங்க எந்தப் பக்கம்?’ என்று கேட்காதீர்கள், பெயரை வைத்து மதத்தை ஊகித்துப் பேசவும் வேண்டாம். அவரே சொன்னால் கேளுங்கள், முடிக்கும்வரை.

சாப்பாட்டில் ஆம்பூர்க்காரர்களுக்குக் கவலையில்லை. சரயேவோவின் பழைய நகரத்தில் செவாப்பி என்ற சுட்ட கைமாத் துண்டுகள் மாட்டிறைச்சியிலோ ஆட்டிறைச்சியிலோ செய்தவை, பெரும்பாலும் ஹலால். சோமுன் ரொட்டிக்குள் ஐந்து அல்லது பத்துத் துண்டு, நறுக்கிய வெங்காயம். செர்பியாவிலும் குரோஷியாவிலும் பன்றி கலந்திருக்கலாம், கேட்டுச் சாப்பிடுங்கள். உள்ளே பூரணம் வைத்துச் சுடும் மெல்லிய மாவுச் சுருளைச் சைவர்கள் போஸ்னியாவில் பூரெக் என்று கேட்டால் கறி வைத்ததுதான் வரும். சீஸ் வைத்தது சிர்னிட்சா, கீரை ஸெல்யானிட்சா, உருளைக்கிழங்கு க்ரும்பிருஷா. எதிலும் மிளகாய் இருக்காது. இட்லிப்பொடி, எலுமிச்சை ஊறுகாய் எடுத்துப்போகலாம். கறி ஊறுகாயும் நெய்யும் வேண்டாம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சி, பால் பொருட்கள் கொண்டுபோகத் தடை.

பணம்: ரூபாயை அங்கே மாற்ற முடியாது. ஊரிலிருந்தே யூரோ நோட்டாகக் கொண்டுபோங்கள், குறிப்பாகச் சின்ன நோட்டுகள். குரோஷியாவிலும் மாண்டினீக்ரோவிலும் யூரோவே ஓடும். போஸ்னியாவில் மார்க், ஒரு யூரோவுக்கு 1.95583 என்று நிலையான விகிதம். நாட்டை விட்டு வந்தபிறகு அது செல்லாக்காசு. செர்பியாவில் தினார். ஏ.டி.எம். ‘ரூபாயில் கழிக்கவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்றே அழுத்துங்கள், அந்த விகிதத்தில் நஷ்டம். ‘ஐரோப்பா’ இ-சிம் பலவற்றில் போஸ்னியாவும் செர்பியாவும் இருக்காது, பட்டியலைப் பார்த்து வாங்குங்கள். பயணக் காப்பீடும் அப்படித்தான்: ஷெங்கன் நாடுகள் மட்டும் என்று போட்ட பாலிசி மோஸ்டாரில் கால் உடைந்தால் கை கொடுக்காது.

பெல்கிரேட் பஸ் பிடிக்கும்போது கவனம். சரயேவோவில் இரண்டு பஸ் நிலையங்கள். ரயில் நிலையத்தை ஒட்டியிருப்பது ஒன்று. செர்பியாவுக்குப் போகும் பஸ்கள் பெரும்பாலும் கிழக்கு சரயேவோ நிலையத்திலிருந்து கிளம்பும். 1995 டேட்டன் ஒப்பந்தம் நாட்டை இரண்டு ஆட்சிப் பகுதிகளாகப் பிரித்ததன் மிச்சம் இது. டிராலிபஸ் 103-இல் தோப்ரின்யா கடைசி நிறுத்தம் வரை போய், அங்கிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு சற்று நடக்க வேண்டும். அங்கே பலகைகள் சிரிலிக் எழுத்தில் இருக்கும். பயணம் ஏழு மணி நேரத்துக்குக் குறையாது.

பெல்கிரேடில் 2025 ஜனவரியிலிருந்து நகரப் பஸ், டிராம் எல்லாம் இலவசம். 1999-இல் நேட்டோ 78 நாள் குண்டு போட்டபோது சிதைந்த ராணுவத் தலைமையகக் கட்டடம் நகர நடுவில் இருக்கிறது. செர்பியாவில் வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் தங்குமிடத்தைப் பதிய வேண்டும். ஓட்டலில் அவர்களே செய்வார்கள், தனியார் வீடு எடுத்தால் உரிமையாளரிடம் கேட்டுப் பதிந்ததற்கான வெள்ளைச் சீட்டை வாங்கி, விமானம் ஏறும்வரை பாஸ்போர்ட்டுக்குள் வைத்திருங்கள்.