காதுக்குள் வந்த உண்ணி

2026 ஜனவரி 18, ஞாயிறு

பொங்கலுக்கு வவுனியாவில் அக்கா வீட்டில் மூன்று நாள் நின்றுவிட்டு நேற்று இரவுதான் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தோம். விடிய ஐந்து மணிக்குச் சின்னவள் இடது காதைப் பொத்திக்கொண்டு வந்து என்னை எழுப்பினாள். "அம்மா, காதுக்குள்ள ஆரோ நடக்கினம்."

டோர்ச் அடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. மாமி தேங்காய் எண்ணெயைச் சூடாக்கக் கிளம்பினார். பிள்ளையோ அழுது அழுது முகம் வீங்கிப்போயிருந்தாள். எதையும் ஊற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வைத்தியர் கருவியால் உள்ளே பார்த்த உடனேயே "உண்ணி" என்றார். செவிப்பறைக்குப் பக்கத்தில் கடித்துப் பிடித்திருந்ததாம். மெல்லிய சாவணத்தால் எடுத்து வெள்ளைப் பஞ்சில் வைத்துக் காட்டினார். எள்ளை விடக் கொஞ்சம் பெரிது, மண்ணிறம். கால்கள் அப்போதும் அசைந்துகொண்டிருந்தன.

எண்ணெய் ஊற்றாமல் வந்தது நல்லது என்றார். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் காதுக்குள் எதையும் விடக்கூடாது. ஊசி, தீக்குச்சி, பஞ்சுக் குச்சி எதனாலும் கிண்டக்கூடாது. கிராமத்துக்குப் போய் வரும் பிள்ளைகளின் காதில் இப்படி ஏறுவது இங்கே புதினமில்லையாம்.

ஜனவரி 19, திங்கள்

இரவு நித்திரை வரவில்லை. எங்கே ஏறியிருக்கும்? பொங்கலன்று பின்நேரம் அவள் வரம்போரம் புல்லில் இருந்துகொண்டு ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக் காதோடு காது உரசிக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். நான் அதைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். பக்கத்திலேயே உண்ணிப்பூப் பற்றை வேறு பூத்துக் கிடந்தது.

உண்ணி மரத்திலிருந்து விழும் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அது பறக்காது, பாயவும் பாயாது. புல் நுனியில் ஏறி, முன்னங்கால் இரண்டையும் விரித்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். நாங்கள் விடும் மூச்சையும் உடம்புச் சூட்டையும் அந்தக் கால்களில் உள்ள உறுப்பால் அறிந்து, உரசிப் போகிறபோது பற்றிக்கொள்ளும். பிறகு மேலே மேலே ஏறும். சிலந்தி இனம் என்பதால் வளர்ந்ததற்கு எட்டுக் கால். முட்டையிலிருந்து வந்த புதிதில் ஆறு. ஏறியவுடனே கடிப்பதும் இல்லை. இடம் தேடி ஊரும். அந்த இடைவெளியில் கண்டுபிடித்திருந்தால் பிள்ளைக்கு இந்த வேதனை வந்திராது. எனக்கு மனம் ஆறவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

நேற்றிரவு சின்னவளுக்கு உடம்பு சுட்டது. நூறு காட்டியது. கொழும்பில் காய்ச்சல் என்றால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது டெங்குதான். உண்ணி கடித்ததைச் சொல்லாவிட்டால் வைத்தியருக்கு அது எப்படித் தெரியும்? உண்ணியால் வரும் ரிக்கெட்சியாக் காய்ச்சலும் தலையிடி, உடம்பு உளைவு என்றுதான் தொடங்கும். சிலருக்குச் சில நாள் கழித்து உள்ளங்கை, உள்ளங்கால் வரைக்கும் சிவந்த புள்ளிகள் போடும். அதற்குத் தொக்சிசைக்கிளின் என்ற நல்ல மருந்து இருக்கிறது; நேரத்தோடு தொடங்க வேண்டும். வைத்தியரின் அறைக் கதவைத் திறந்ததும் நான் சொன்ன முதல் வசனம், "டொக்டர், போன ஞாயிறு காதிலிருந்து உண்ணி எடுத்தது."

சாதாரணத் தடிமன்தான். ஆனாலும் பெப்ரவரி 17 வரை கலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு மாதம் கவனமாகப் பார்க்கச் சொன்னார்கள்.

ஜனவரி 31, சனி

பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். ஈரநிலங்களைப் பாதுகாக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், கொழும்பு 2018இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. இப்படி ஒரு நகரத்தில் இருந்துகொண்டு, பயத்தில் பிள்ளைகளைப் பிளட்டுக்குள் பூட்டி வைக்க எனக்கு விருப்பமில்லை.

எல்லோருக்கும் வெளிர் நிற நீளக் காற்சட்டை. காற்சட்டையின் கால் நுனியை மேசுக்குள் செருகிவிட்டேன். பெரியவனுக்கு வெட்கம். "ஏறுறது மேலதான் ஏறும், துணிக்கு வெளியால ஏறினால் கண்ணில படும்" என்றதும் பேசாமல் விட்டான். சிட்னியிலிருந்து அண்ணா அனுப்பிய பேர்மெத்ரின் என்ற பூச்சிகொல்லியை நேற்றே சப்பாத்துக்கும் காற்சட்டைக்கும் தெளித்துக் காயவிட்டிருந்தேன். அது துணிக்கு மட்டும், தோலில் படக்கூடாது. ஈரமாக இருக்கும்போது பூனைக்கு நஞ்சு என்பதால் கீழ்வீட்டுப் பூனையை அந்தப் பக்கம் வரவிடவில்லை. கைக்கும் கழுத்துக்கும் பூச்சிகளை அண்டவிடாத டீட் என்ற மருந்து 20 வீதம் உள்ள களிம்பு. சின்னவளுக்கு நானே பூசினேன், உள்ளங்கையிலும் கண் பக்கத்திலும் படாமல்.

பலகைப் பாதையின் நடுவால் நடந்தோம். புல்லில் இருக்க விடவில்லை. நீலத் தாழைக்கோழியைப் பார்த்துச் சின்னவள் போட்ட சத்தத்தில் அது ஓடி ஒளிந்துகொண்டது.

வீட்டுக்கு வந்ததும் உடுப்பெல்லாம் நேரே கொதிநீர் வாளிக்குள். இரண்டு மணித்தியாலத்துக்குள் எல்லோரும் குளித்தாகிவிட்டது. பிறகு குளியலறை வெளிச்சத்தில் சின்னவளை முக்காலியில் இருத்தி, சீப்பால் முடியை வகிர்ந்து வகிர்ந்து பார்த்தேன். காது மடிப்பு, காதுக்குப் பின்னால், பிடரி, அக்குள், தொப்புள், இடுப்புப் பட்டி அழுத்தும் இடம், தொடையிடுக்கு, முழங்காலின் பின்மடிப்பு. அவளுக்கு ஒரே கூச்சம். முடிந்ததும் "இப்ப நான் அம்மாவைப் பார்க்கிறன்" என்று சீப்பை வாங்கிக்கொண்டாள். என் பிடரியைப் பார்க்க எனக்கு யார் இருக்கிறார்கள், அவளைத் தவிர. ஒன்றும் இல்லை, ஒருவரிலும்.

பெப்ரவரி 8, ஞாயிறு

இரவு எட்டு மணிக்கு அக்காவின் மகன் வீடியோவில் வந்தான். முழங்காலின் பின்பக்கம் ஒரு உண்ணி. அக்கா மண்ணெண்ணெய்ப் போத்தலோடு பக்கத்தில் நின்றார்.

"அக்கா, அதைக் கீழ வையுங்கோ. நெருப்பும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். கூர்ச் சாவணம் இருக்கே?"

புருவம் சீர்செய்கிற சாவணம் ஒன்று கிடைத்தது. உண்ணியின் வயிற்றில் பிடித்து நசுக்காமல், தோலோடு ஒட்டித் தலைப்பக்கம் பிடிக்கச் சொன்னேன். திருக வேண்டாம், வெடுக்கென்று இழுக்கவும் வேண்டாம். நேரே மேலே, ஒரே சீராக. அக்காவின் கை நடுங்கியது. தோல் கூடாரம் மாதிரி மெல்ல எழும்பி நின்றது. அப்புறம் விட்டது.

"சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கோ. உண்ணியைக் கையால நசுக்காதேங்கோ, செலோடேப்பில ஒட்டி வையுங்கோ. இண்டைக்கு என்ன திகதி எண்டு எழுதி வையுங்கோ, காய்ச்சல் வந்தால் கொண்டுபோய்க் காட்டலாம்."

சின்னவள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "அண்ணா, அதுக்கு எத்தினை கால்?"

அவன் செலோடேப்பை விளக்குக்கு நேரே பிடித்து எண்ணத் தொடங்கினான்.