டெக்சாஸ் பள்ளிகளின் ரேங்க் கார்டை மேடவாக்கத்தில் உட்கார்ந்து படித்த கதை

கம்பெனியில் டல்லாஸ் புராஜெக்டுக்கு என் பெயர் உறுதியானதும் எல்லோரும் கேட்டது விசாவைப் பற்றித்தான். அதை வக்கீல்கள் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் தூக்கத்தைக் கெடுத்தது ஸ்கூல். மகள் இங்கே ஒன்பதாவது படிக்கிறாள். அரையாண்டுத் தேர்வை எழுதி முடித்துவிட்டு, ஜனவரியில் அங்கே ஒன்பதாம் வகுப்பில் பாதியில் போய்ச் சேர வேண்டும். அங்கே அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது. ஆனால் எந்தப் பள்ளி என்பது நாம் குடியிருக்கும் முகவரியைப் பொறுத்தது. அதனால் வீடு பிடிப்பதற்கு முன்னால் பள்ளியைப் பிடிக்க வேண்டும், அதுவும் நேரில் போய்ப் பார்க்காமலேயே. அடுத்து போகப் போகிறவர்களுக்கு உதவும் என்று எங்கள் அனுபவத்தை எழுதுகிறேன்.

ஏற்கெனவே அங்கே இருக்கும் பழைய டீம் நண்பர் நான்கைந்து அபார்ட்மென்ட் லிங்க் அனுப்பி, “எல்லாமே ஏ ரேட்டட் ஸ்கூல்தாங்க, கண்ணை மூடிக்கிட்டு எடுங்க” என்றார். நான் வேலை பார்ப்பது டெஸ்டிங்கில். எல்லாமே பச்சையாகக் காட்டினால் முதலில் சந்தேகம்தான் வரும்.

முதல் குழப்பம், அங்கே ரேட்டிங் ஒன்றல்ல என்பது. வீடு தேடும் தளங்களில் பள்ளிப் பெயருக்குப் பக்கத்தில் பத்துக்கு இத்தனை என்று தெரியும் எண், கிரேட்ஸ்கூல்ஸ் என்ற தனியார் அமைப்பு போடுவது. டெக்சாஸ் மாநிலக் கல்வித் துறை போடும் ஏ, பி, சி, டி, எஃப் வேறு. 90க்கு மேல் ஏ, 60க்குக் கீழே எஃப், நடுவில் பத்துப் பத்தாக மற்றவை. பள்ளிக்கும் உண்டு, அந்த வட்டாரத்துப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகமான ‘பள்ளி மாவட்ட’த்துக்கும் உண்டு. நண்பர் அனுப்பிய ஒரு விளம்பரத்தில் ‘ஏ’ என்று இருந்தது மாவட்டத்தின் எழுத்து. அந்த முகவரிக்கான பள்ளியின் எழுத்து பி.

இரண்டாவது குழப்பம் எந்த வருஷத்து ஏ என்பது. கொரோனாவால் 2020, 2021இல் ரேட்டிங்கே இல்லை. 2022இல் போட்டார்கள், ஆனால் 70க்குக் கீழே போன பள்ளிகளுக்கு எழுத்து போடாமல் விட்டுவிட்டார்கள். 2023இல் அளவுகோலை இறுக்கினார்கள். உயர்நிலைப் பள்ளிகளின் ‘தயார்நிலை’ப் பகுதியில் (படிப்பு முடிப்பவர்கள் கல்லூரிக்கோ வேலைக்கோ தயாரா என்பது) ஏ வாங்க அதுவரை 60 சதவீத மாணவர்கள் தேறினால் போதும்; அதை 88 ஆக்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கின. மேல்முறையீட்டில் தடை நீங்கி 2023இன் ரேட்டிங் 2025 ஏப்ரலில்தான் வெளியே வந்தது. 2024, 2025 இரண்டையும் சேர்த்து 2025 ஆகஸ்ட் 15 அன்று வெளியிட்டார்கள். இந்த இடைவெளியில் வீட்டு விளம்பரம் எழுதியவர்கள் பலர் கையில் இருந்தது 2022இன் பழைய எழுத்து. ஆகவே மாநிலத் துறையின் தளத்துக்கே நேராகப் போய் 2025 என்று தேர்ந்தெடுத்துப் பாருங்கள். இலவசம்தான், லாகின்கூட வேண்டாம்.

சரி, அந்த எழுத்து எப்படி வருகிறது? இதைப் புரிந்துகொள்ளத்தான் நிறைய நேரம் போனது. மூன்று பிரிவுகள். மாணவர் சாதனை ஒன்று, பள்ளி முன்னேற்றம் இன்னொன்று, பல்வேறு பிரிவு மாணவர்களுக்கு இடையே உள்ள இடைவெளியை எவ்வளவு குறைத்தார்கள் என்பது மூன்றாவது. முதல் இரண்டில் எது அதிகமோ அதை மட்டும் எடுத்து 70 சதவீதம் எடை கொடுக்கிறார்கள். மூன்றாவதுக்கு 30. முன்னேற்றத்துக்குள்ளும் இரண்டு வழி: போன வருஷத்தைவிட ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு வளர்ந்தது என்று பார்ப்பது ஒன்று, ஏழைக் குடும்பப் பிள்ளைகள் இதே அளவில் இருக்கும் மற்ற பள்ளிகளோடு ஒப்பிடுவது மற்றொன்று. அதிலும் எது அதிகமோ அதுதான் கணக்கு.

எங்கள் கடைசிச் சுற்றில் நின்ற இரண்டு பள்ளிகளின் எண்களைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். முதல் பள்ளிக்குச் சாதனையில் 92, இடைவெளியில் 86. கணக்குப் போட்டால் 64.4 கூட்டல் 25.8, மொத்தம் 90.2. இரண்டாவதுக்குச் சாதனையில் வெறும் 78, ஆனால் முன்னேற்றத்தில் 93, இடைவெளியில் 85. 65.1 கூட்டல் 25.5, மொத்தம் 90.6. இரண்டுமே ஏ. பார்க்கப் போனால் இரண்டாவது ஒரு படி மேல். என் வீட்டுக்காரர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, “78 எடுத்தவனும் ஏ, 92 எடுத்தவனும் ஏன்னா அப்புறம் எதுக்கு எழுத்து?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

சாதனை என்ற எண்ணையும் உடைத்துப் பார்க்க வேண்டும். தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் அது முழுக்க ‘ஸ்டார்’ என்ற மாநிலத் தேர்விலிருந்து வருவது. உயர்நிலைப் பள்ளியில் தேர்வுக்கு 40, தயார்நிலைக்கு 40, படிப்பை முடித்தவர்கள் விகிதத்துக்கு 20. தேர்வுக் கணக்கு நம் ஊர்த் தேர்ச்சி சதவீதம் மாதிரி இல்லை. வகுப்புத் தரத்தை நெருங்கியவர்கள், எட்டியவர்கள், தாண்டி நன்றாகவே தேர்ந்தவர்கள் என்று மூன்று படிகள். மூன்றின் சதவீதங்களையும் கூட்டி மூன்றால் வகுக்கிறார்கள். நூற்றுக்கு 80 பேர் நெருங்கி, அதில் 55 பேர் எட்டி, 21 பேர் தேர்ந்திருந்தால் கிடைப்பது 52. அதை ஒரு அட்டவணைப்படி நூற்றுக்கு மாற்றுகிறார்கள். முதல் தடவை 52ஐப் பார்த்துவிட்டு என்ன பள்ளி இது என்று மூடிவிடாதீர்கள்.

இந்த இடத்தில் அப்பா வந்து சேர்ந்தார். வட சென்னையில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஹாலில் கணக்குப் போடுவதைக் கொஞ்ச நாள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரு சாயங்காலம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரே கேள்வி கேட்டார்: “ஏம்மா, பரீட்சைக்கே வராதவன் இதுல எந்தக் கணக்குல வர்றான்?”

அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. மே மாதம் ஆனால் வேளச்சேரி மெயின் ரோட்டில் தொங்கும் ‘100% தேர்ச்சி’ பேனர்களை அவர் உள்ளே இருந்து பார்த்தவர். நூறு சதவீதம் என்பது தேர்வு எழுதியவர்களில் நூறு சதவீதம். தேறமாட்டான் என்று தோன்றும் பையனை ஒன்பதாவதிலேயே நிறுத்திவிட்டாலோ, “டி.சி. வாங்கிக்கிட்டு வேற ஸ்கூல் பாருங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டாலோ பேனருக்கு எந்தச் சேதமும் இல்லை. அந்தப் பையன் எந்தப் பட்டியலிலும் இல்லை. அப்பா வேலை பார்த்த காலத்தில் இதைச் செய்யச் சொல்லி மேலே இருந்து நெருக்குவார்களாம். அந்தக் கதையைத் தொடங்கினால் காபி ஆறிவிடும்.

தேடிப் பார்த்தேன். டெக்சாஸ் கணக்கில் படிப்பை முடித்தவர்களுக்கான அந்த 20 சதவீதம் இதற்காகத்தான் இருக்கிறது. ஒன்பதாவதில் சேர்ந்த கூட்டத்தை அப்படியே பின்தொடர்ந்து, நான்கு வருஷத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், ஐந்தில் எத்தனை பேர், ஆறில் எத்தனை பேர் என்று எண்ணுகிறார்கள். நடுவில் படிப்பை விட்டவன் எண்ணிக்கையைக் கீழே இழுப்பான். அப்பாவுக்கு இது பிடித்துப் போனது. “இதை இங்க கொண்டு வந்தா பாதி பேனரைக் கழட்டணும்” என்றார்.

ஆனால் அவர் கேள்விக்கு இன்னொரு பதிலும் கிடைத்தது, அது எங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. பள்ளியின் தேர்வுக் கணக்கில் வருவது, அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை அங்கே வருகைப் பதிவேட்டில் இருந்த பிள்ளைகள் மட்டும். ஜனவரியில் போகும் என் மகள் ஏப்ரலில் அதே தேர்வுகளை எழுதுவாள். ஆனால் இந்த வருஷம் அவள் மதிப்பெண் பள்ளியின் ரேட்டிங்கை ஏற்றாது, இறக்காது. நடுவில் வரும் பிள்ளைக்காகப் பள்ளியைத் தண்டிக்கக் கூடாது என்ற எண்ணம் சரிதான். எங்களுக்கோ, அப்படி வரும் பிள்ளையைப் பள்ளி எவ்வளவு கவனிக்கும் என்ற கவலை வந்தது. அதை எந்த எழுத்தும் சொல்லாது.

தயார்நிலைக்கு வருகிறேன். அங்கே இதை சி.சி.எம்.ஆர். என்கிறார்கள்: கல்லூரி, வேலை, ராணுவம் இவற்றில் ஏதாவது ஒன்றுக்காவது தயாரானவர்கள் எத்தனை சதவீதம். ‘ஏதாவது ஒன்று’ என்பதுதான் கவனிக்க வேண்டியது. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் வாசிப்பு-எழுத்தில் 480, கணக்கில் 530 எடுத்தவரும் கணக்கில் வருவார். பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் எழுதும் ஏ.பி. தேர்வு ஒன்றில் ஐந்துக்கு மூன்று வாங்கியவரும் வருவார். பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடங்கள் முடித்தவர், அங்கீகரிக்கப்பட்ட தொழில் சான்றிதழ் வாங்கியவர், ராணுவத்தில் சேர்ந்தவர் எல்லோரும் வருவார்கள். வெல்டிங் சான்றிதழ் வாங்கிய பையனும் ஏ.பி. கால்குலஸில் ஐந்து வாங்கிய பெண்ணும் இங்கே ஒரே ஒரு தலைதான். எனக்கு இதில் மறுப்பு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் எல்லோரையும் நீட், ஜே.இ.இ. கண்ணாடி வழியாகவே பார்க்கும் நம் ஊர்ப் பழக்கத்தைவிட இது மேல். ஆனால் உங்கள் பிள்ளைக்கு எது வேண்டுமோ அது அந்தச் சதவீதத்துக்குள் எவ்வளவு என்று தனியாகப் பார்க்க வேண்டும். இன்னொன்று, இந்த எண் ஒரு வருஷம் பின்தங்கி வரும். 2025 ரேட்டிங்கில் இருப்பது 2024இல் படித்து முடித்தவர்கள்.

தனியாகப் பார்க்க உதவியது டி.ஏ.பி.ஆர். என்ற ஆண்டறிக்கை. ஒவ்வொரு பள்ளிக்கும் பல பக்கங்கள், முழுக்க அட்டவணை. ஏ.பி. எழுதியவர்கள் எத்தனை, மூன்றுக்கு மேல் வாங்கியவர்கள் எத்தனை, எஸ்.ஏ.டி. சராசரி, வருஷத்துக்கு நடுவில் வந்து போகும் மாணவர்கள் எத்தனை சதவீதம், ஆசிரியர்களில் புதியவர்கள் எத்தனை, இருபது வருஷ அனுபவம் உள்ளவர்கள் எத்தனை என்று எல்லாம் இருக்கும். முதல் பள்ளியைவிட இரண்டாவதில் பழைய ஆசிரியர்கள் அதிகம். நடுவில் வரும் பிள்ளைகளும் அதிகம். அதாவது என் மகள் மாதிரி வருபவர்கள் அங்கே புதிதில்லை. எனக்கு அந்த இரண்டு வரியும் ஏ என்ற எழுத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தன.

வீட்டுக்காரர் இன்னும் 92ஐ விடவில்லை. அவரை அசைத்தது வேறு விஷயம். டெக்சாஸில் 1997இல் வந்த ஒரு சட்டப்படி, ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் முதல் பத்து சதவீதத்துக்குள் வரும் மாணவர்களுக்கு மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உண்டு. ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகம் மட்டும் நெருக்கடி காரணமாக அதைச் சுருக்கிக்கொண்டே வந்து, 2026 சேர்க்கைக்கு ஐந்து சதவீதம் ஆக்கியிருக்கிறது. ஒப்பீடு சொந்தப் பள்ளிக்குள்தான். எல்லோரும் நன்றாகப் படிக்கும் பள்ளியில் பாதியில் போய்ச் சேர்ந்து அந்தப் பத்துக்குள் வருவது லேசில்லை. அப்பா சிரித்தார். “2017லயே இங்க ரேங்க் அறிவிக்கிறதை நிறுத்தியாச்சு. அங்க ரேங்க்தான் சீட்டா?” இங்கே மத்திய அரசு மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் தரக் குறியீடு போடுகிறதே தவிர, தெருமுனைப் பள்ளிக்கு ஏ, பி என்று எழுத்து போட்டு நம் கையில் கொடுப்பதில்லை. அங்கே பள்ளிக்கும் எழுத்து, பிள்ளைக்கும் ரேங்க். எது நல்லது என்று அப்பாவும் வீட்டுக்காரரும் வெகு நேரம் வாதாடினார்கள், முடிவு வரவில்லை.

இரண்டாவது பள்ளியையே எடுத்தோம். மகளிடம் இரண்டின் தளத்தையும் காட்டினோம். அவள் பார்த்தது ஆர்கெஸ்ட்ரா இருக்கிறதா என்பதை மட்டும், இரண்டிலும் இருந்தது.

அபார்ட்மென்ட் உறுதி செய்வதற்கு முன் ஒரு வேலை மீதி இருந்தது. விளம்பரத்தில் போட்டிருக்கும் பள்ளிப் பெயரை நம்பக் கூடாது. பள்ளி மாவட்டத்தின் தளத்தில் முகவரியைக் கதவு எண்ணோடு கொடுத்தால் எந்தப் பள்ளி என்று காட்டும். நாங்கள் பார்த்த ஒரு குடியிருப்பு இரண்டாவது பள்ளியிலிருந்து கூப்பிடு தூரம்தான், ஆனால் சாலைக்கு அந்தப் பக்கம் என்பதால் வேறு பள்ளி. புதுப் பள்ளி கட்டும்போது எல்லையை மாற்றவும் செய்வார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் இங்கே இரவு எட்டு மணி என்றால் அங்கே காலை எட்டரை; பள்ளி அலுவலகத்துக்கு போன் போட வசதியான நேரம்.

சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் பேசும் மொழி என்ன என்று கேட்பார்கள். வேறு மொழி என்றால் பிள்ளைக்கு ஒரு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். “வம்பு எதுக்கு, இங்கிலீஷ்னு போட்டுடுங்க” என்று சிலர் சொன்னார்கள். நாங்கள் தமிழ் என்றே போட்டோம். தேர்வில் தேறினால் முடிந்தது. தேறாவிட்டால் அவளுக்கு உதவி தேவை என்றுதானே அர்த்தம்?

தடுப்பூசி விஷயத்தைக் கடைசிக்கு விடாதீர்கள். மூளைக்காய்ச்சல் வகையில் மெனிஞ்சோகாக்கல் ஊசி அங்கே ஏழாம் வகுப்புக்கு மேல் கட்டாயம், நம் அரசுத் தடுப்பூசி அட்டவணையில் அது இல்லை. ஹெப்படைட்டிஸ் ஏ இரண்டு டோஸ் போட்டதற்கும் சான்று வேண்டும், இரண்டுக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி விட வேண்டியிருக்கும். குழந்தை மருத்துவரிடம் பழைய அட்டையைக் கொண்டுபோய், தேதிகளோடு ஆங்கிலத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்தோம். எட்டாவது, ஒன்பதாவது மதிப்பெண் பட்டியல்களையும் பாடத்திட்டத்தையும் ஸ்கேன் செய்து பள்ளிக்கு அனுப்பினோம். கணக்கில் அவளுக்கு அல்ஜீப்ரா வகுப்பா, ஜியாமெட்ரி வகுப்பா என்பதை, அங்கே வந்தபின் ஒரு தேர்வு வைத்து முடிவு செய்வதாகப் பள்ளியின் மாணவர் ஆலோசகர் பதில் போட்டிருக்கிறார். மகள் என்.சி.இ.ஆர்.டி. கணக்குப் புத்தகத்தைப் பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறாள்.